ரத்தம் மட்டும் நார்மல்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமாக இருப்பதாக ரத்தப் பரிசோதனை நிலையத்தார் எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறார்கள். அங்கே நீங்களும், என் மகளும், பேத்தியும், அவளைப் பார்த்துக்கொள்ள என்னை இங்கே விட்டுவிட்டு வந்திருக்கும் உங்கள் அத்தையும் எந்தப் பரிசோதனையும் இல்லாமலேயே நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. முதலில் ஒரு விளக்கம் கொடுத்துவிடுகிறேன், இல்லையென்றால் மேற்கொண்டு எழுதக் கை வராது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலைப் பெண்கள் யாரும் எடுக்காமல் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். அப்போது நான் போட்டிருந்த ரோஸ் கலர் ஸ்வெட்டர், கழுத்தில் பூ பின்னியது, முத்து மாதிரி பட்டன் வைத்தது, அது உங்கள் அத்தையுடையதுதான். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். பிறகு பார்க்காத மாதிரி சீலிங் ஃபேனைப் பார்த்தீர்கள். "சாப்டீங்களா மாமா" என்றீர்கள். என்ன இது கோலம் என்று கேட்டிருந்தால்கூட எதையாவது சொல்லிச் சிரித்துத் தப்பித்திருப்பேன், நீங்கள் கேட்காமல் விட்டதில்தான் எனக்கு மானம் போனது. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். எனக்குக் குளிர்ந்தது. ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் பனியனையும் கழற்றிப் போட்டுவிட்டு வாசலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எனக்கு மட்டும் பல் கிட்டுகிறது. என்னுடைய ஸ்வெட்டர்கள் ஏறிய எடைக்கு முன்னால் தோற்றுப்போய்விட்டன. உங்கள் அத்தையுடையது பின்னல், இழுத்த இழுப்புக்கு வருகிறது. அவ்வளவுதான் விஷயம், வேறு ஒன்றும் இல்லை. இதைத் தயவுசெய்து மனதிலிருந்து அழித்துவிடவும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த ஆள் ஏன் தபாலில், அதுவும் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். உங்கள் போனை உங்கள் மனைவி பார்ப்பாள், அவள் போனை உங்கள் அத்தை பார்ப்பாள், உங்கள் அத்தை போனைப் பேத்தி வாயில் வைத்துக்கொள்வாள். ஆக அந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது உங்களிடம் மட்டும்தான் இருக்க முடியும். உங்கள் கல்யாணத்தில் மைக்கைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது "நன்றி" என்று ஒரு வார்த்தை பேசி, இன்னொன்றை மிச்சம் பிடித்தவர் நீங்கள். அன்றைக்கு என் மச்சினன் "என்ன இது, மாப்பிள்ளை வாயே திறக்க மாட்டேங்கிறாரு" என்று குறைப்பட்டான். இன்றைக்கு அந்த வாயை நம்பித்தான் எழுதுகிறேன்.

என் உடம்பு சங்கதி உங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். தைராய்டு என்று டாக்டர் சொன்னபோது எனக்கு விளங்கியது இவ்வளவுதான். கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது, உடம்பு என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அதுதான் கவனித்துக்கொள்கிறது, என்னுடையது வேலைக்கு வந்து கையெழுத்தைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்கிற ரகம். அது செய்யாத வேலையை ஒரு சின்ன மாத்திரை செய்கிறது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், போட்டுவிட்டு டீ குடிக்காமல் காத்திருக்க வேண்டும். சில வருஷமாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ரத்தம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. உடம்புதான் ரத்தத்தின் பேச்சைக் கேட்பதில்லை. எழுந்திருக்கும்போதே வேலை முடித்து வந்த மாதிரி அசதி. முகம் உப்பி, கண்ணாடியில் பார்த்தால் யாரோ எனக்குத் தெரிந்த பணக்காரர் மாதிரி இருக்கிறது. தோல் உரிகிறது. குரல் கரகரத்துப்போய், போனில் பேசினால் "சார் இல்லீங்களா" என்று என்னிடமே கேட்கிறார்கள். வயிற்றைப் பற்றி ஒரு மாமனார் மாப்பிள்ளைக்கு எழுதக் கூடாது, அது எப்போதாவது வந்து போகும் விருந்தாளியாகிவிட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதில் மறதி வேறு. மாத்திரை போட்ட பிறகு டீக்குக் காத்திருக்கிறேன் இல்லையா, அந்த நேரத்தில் நாற்காலியிலேயே கண் அசந்துவிடுகிறது. விழித்துப் பார்த்தால் மாத்திரை போட்டேனா, போடப் போகிறேனா என்பது தெரிவதில்லை. உங்கள் அத்தை இங்கே இருந்தவரைக்கும் அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும், "போட்டாச்சா?" என்று. நானும் எரிச்சலாக "போட்டாச்சு, போட்டாச்சு" என்பேன். அவ்வளவுதான் ஏற்பாடு, அதற்கு மேல் ஒரு ஏற்பாடும் தேவைப்படவில்லை. இப்போது போட்டாச்சா என்று நானே சத்தமாகக் கேட்டுப் பார்த்தேன், கேட்ட ஆளுக்குத்தான் பதில் தெரியவில்லை. கடைசியில் மருந்துக் கடைக்காரர் கிழமை போட்ட ஒரு டப்பா கொடுத்தார். டப்பா ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் அது காலியாக இருப்பதைப் பார்த்து "போட்டாச்சு, போட்டாச்சு" என்று எரிந்து விழ முடியவில்லை, பாருங்கள்.

இனி நான் உங்கள் மனைவிக்கும் அத்தைக்கும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். நான் டிரைவிங் ஸ்கூலில் எப்படி வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார், நான் பக்கத்து சீட்டில், காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக். நாள் முழுக்க ஊர் முழுக்கச் சுற்றுவோம். இப்போது என்னிடம் கற்றுக்கொள்கிறவர் ஒரு கணக்கு டீச்சர். நல்ல மனுஷி, ஆனால் சொன்னால் சொன்னதுதான். இடது பக்கம் பாருங்கள் என்றால், போதும் என்று நான் சொல்லும்வரை இடது பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு மத்தியானம், நல்ல வெயில், எனக்குக் குளிர்கிறது என்று ஏசியை நிறுத்திவிட்டோம், டீச்சர் வியர்வையைத் துடைத்துத் துடைத்து ஓட்டுகிறார். பெரிய ரோட்டுக்கு வந்ததும் நான் "நான் சொல்ற வரைக்கும் நேரா போங்க டீச்சர்" என்றேன். இதுவரைக்கும்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. முன்னால் ஒரு பெரிய இரும்பு கேட். அதற்கு அப்பால் ரோடே இல்லை, குடிதண்ணீர் ஏற்றுகிற நிலையம், ராட்சசக் குழாய்கள். ஊர் எங்கேயோ பின்னால் இருக்கிறது. ஜன்னலோரம் வாட்ச்மேன் குனிந்து, "யாரைம்மா பாக்கணும்?" என்று கேட்கிறார். டீச்சர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "சார் எந்திரிச்சதும் சொல்வாருங்க" என்கிறார்.

"டீச்சர், இது எந்த இடம்?"

"தெரியல சார். நேரா போகச் சொன்னீங்க."

"நான் சொல்ற வரைக்கும்னுதானே சொன்னேன்?"

"நீங்க சொல்லவே இல்லையே சார்."

"எழுப்பக் கூடாதா?"

"தூங்குறீங்கன்னு நினைக்கல சார். என்னை நம்பித் தனியா விட்டுப் பாக்குறீங்கன்னு நினைச்சேன்."

"குறட்டை விட்டிருப்பேனே!"

"விட்டீங்க சார். சத்தத்துல என் கவனம் சிதறுதான்னு டெஸ்ட் பண்றீங்கன்னு நினைச்சேன். சிதறல சார்."

வாட்ச்மேன் சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டுக்குப் பின்னால் போய்விட்டார். எனக்கு உள்ளங்கை இரண்டும் ஜில்லிட்டுவிட்டது, இந்தத் தடவை தைராய்டால் இல்லை. வழியில் எத்தனை சிக்னல், ஒரு ரயில்வே கேட், ஒரு பாலம், அத்தனையையும் இந்த அம்மாள் ஒற்றை ஆளாகக் கடந்து வந்திருக்கிறார், பிரேக் மேல் கால் வைத்திருக்க வேண்டியவன் வாயைப் பிளந்து தூங்கியிருக்கிறேன். டீச்சருக்கோ முகமெல்லாம் பூரிப்பு. "நீங்க முழிச்சிட்டிருந்தா எனக்குக் கை நடுங்கும் சார். இன்னிக்கு நடுங்கவே இல்ல" என்றார். மாப்பிள்ளை, இத்தனை வருஷ அனுபவத்தில் என் உத்தியோகத்தைப் பற்றி இப்படி ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

திரும்பி வந்து நானே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னைவிட வயதில் சின்னவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, சொல்றதுக்கே சங்கடமா இருக்கு. உடம்பு சரியாகிற வரைக்கும் வண்டியில உக்கார வேணாம். உள்ள ரூம்ல பாடம் எடுங்க" என்றார். அவர் சொன்னது நியாயம், அவர் சொல்லாவிட்டால் நான் சொல்லியிருப்பேன். இப்போது பின்பக்கத்து ரூமில் சுவரில் மாட்டிய போக்குவரத்துச் சின்னங்களைக் குச்சியால் தொட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன். பாடம் முடிந்தால் எல்லாரும் எழுந்து வண்டிக்குப் போய்விடுகிறார்கள். நானும் சின்னங்களும் மிச்சம். 'ஒலி எழுப்பாதே' என்ற சின்னத்துக்கு நேர் எதிரில்தான் என் நாற்காலி.

இந்தச் சமயத்தில்தான் உங்கள் மனைவியின் தீர்ப்பு வந்தது. குடிதண்ணீர் நிலையம் வரைக்கும் போன கதையை அவளிடம் சொல்லவில்லை, ரொம்ப அசதியாக இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன். "அப்பா, ரத்தம் டெஸ்ட் எடுங்க. ஏதாவது கூடக்குறைய இருந்தா அம்மாவை அடுத்த நாளே அனுப்பி வெக்கிறேன். நார்மல்னா பாப்பா உக்கார்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றாள். பாப்பா உட்காருவதோடு விஷயம் முடிந்துவிடுமா? உட்கார்ந்தால் தவழும், தவழ்ந்தால் நிற்கும், நின்றால் பல் முளைக்கும், பல் முளைத்தால் பள்ளிக்கூடம். நான் கணக்குப் போட்டுப் பார்த்து மேற்கொண்டு போடாமல் நிறுத்திவிட்டேன். "சரிம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? பெற்ற பெண்ணிடம், உன் குழந்தையை விட்டுவிட்டு என் பெண்டாட்டியை அனுப்பு என்று எந்த மீசை வைத்தவன் கேட்பான்?

ஆகவே என் முழு நம்பிக்கையையும் ரத்தத்தின் மேல் வைத்தேன். பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுத்த பெண்ணிடம் "நல்லா பாத்து எழுதுங்கம்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "பயப்படாதீங்கப்பா, ஒண்ணும் இருக்காது" என்று ஆறுதல் சொன்னாள். அவள் சொன்ன மாதிரியே ஆயிற்று. மற்றவர்கள் ரிப்போர்ட்டில் எல்லாம் ஒன்றிரண்டு எண்ணாவது அளவு தவறித் தடித்த எழுத்தில் இருக்குமாம், என்னுடையதில் ஒன்றுகூட இல்லை. நான் படித்த காலத்தில் எந்தப் பரீட்சையிலும் இப்படி எல்லாப் பாடத்திலும் தேறியதில்லை, படிப்பே பத்தாவதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்த கதைதான். தேவைப்படாத வயதில் வந்து தேறியிருக்கிறேன். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் போட்டதும் உங்கள் மனைவி ஆடுகிற பொம்மைகளாக அனுப்பினாள். உங்கள் அத்தை கும்பிடுகிற கை அனுப்பினாள். நீங்கள் ஒரு கட்டைவிரல். நானும் "அப்பாடா" என்று எழுதி அனுப்பிவிட்டு, ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் போய் நின்றேன், குளிர்ந்தது.

டாக்டரம்மாவும் கம்ப்யூட்டரைப் பார்த்து, "எல்லாம் நார்மல், ரொம்ப நல்லா இருக்கு" என்றார். எழுந்துவிட்டேன். கதவு வரைக்கும் போய்விட்டேன். அங்கே வாய் தானாகத் திறந்துகொண்டது, "டாக்டர், ரத்தம் நல்லா இருக்குறதுல எனக்கும் சந்தோஷம்தான். ஆனா நான் நல்லா இல்லையே, அதுக்கு யாரைப் பாக்கணும்?" என்றேன். அவர் அப்போதுதான் கம்ப்யூட்டரை விட்டு என்னைப் பார்த்தார். "வந்து உக்காருங்க" என்றார். பிறகு கேட்ட கேள்விகள் இருக்கிறதே, உங்கள் ஜாதகம் பார்க்கும்போதுகூட நாங்கள் இவ்வளவு கேட்கவில்லை. மாத்திரையை எதோடு போடுகிறேன், சத்து மாத்திரை ஏதாவது சேர்த்துப் போடுகிறேனா, எப்போது தூங்குகிறேன், எழுந்தால் தலை வலிக்கிறதா. கடைசியில், "குறட்டை விடுவீங்களா? நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதா?" என்றார்.

"தூங்கிட்டிருக்கிற எனக்கு எப்படித் தெரியும் டாக்டர்?"

"பக்கத்துல படுக்கிறவங்களைக் கேட்டுச் சொல்லுங்க."

"பக்கத்துல யாரும் இல்லீங்களே."

"யாராவது ஒருத்தர் நீங்க தூங்குறதைப் பாத்திருப்பாங்களே?"

யோசித்துப் பார்த்தேன் மாப்பிள்ளை. இப்போதைக்கு இந்த உலகத்தில் நான் தூங்குவதைப் பார்த்த ஒரே ஆள் கணக்கு டீச்சர்தான். ஆகவே அடுத்த தடவை அவரையே கூட்டிக்கொண்டு போனேன். அவர் நல்ல புடவை கட்டிக்கொண்டு, சாட்சி சொல்லப் போகிறவர் மாதிரி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டரம்மா, "நீங்க இவருக்கு..?" என்று இழுத்தார். டீச்சர், "சார் தூங்கும்போது நான் பக்கத்துல இருந்தேன் டாக்டர்" என்றார். எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போல ஆகிவிட்டது. "கார்ல, கார்ல" என்றேன், அது இன்னும் மோசமாகப் போனது. வெள்ளைக் கோட்டு போட்ட நர்ஸ் ஒருத்தி காரணமே இல்லாமல் வெளியே ஓடினாள். ஒருவழியாக டிரைவிங் ஸ்கூல், இரட்டைப் பிரேக் எல்லாவற்றையும் விளக்கி முடித்த பிறகு டீச்சர் சாட்சியம் சொன்னார். "குறட்டை சீரா வரும் டாக்டர். திடீர்னு நின்னுடும். மூச்சே இருக்காது. நான் சிக்னல்ல பிரேக் போட்டா உலுக்கி விட்ட மாதிரி திரும்ப ஆரம்பிக்கும்." டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "எத்தனை தடவை?" என்றார். "எல்லா சிக்னல்லயும்" என்றார் டீச்சர்.

அப்புறம் டாக்டரம்மா சொன்னதை நான் அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன், மறதி இருந்தும். "நார்மல்னா இந்த ஹார்மோன் ரத்தத்துல போதுமான அளவு இருக்குன்னுதான் அர்த்தம். உங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம் கிடையாது. மாத்திரை ஒழுங்கா போட்டு, ரத்தமும் சரியா இருந்து, அப்பவும் அசதியும் குளிரும் மறதியும் விடாத ஆளுங்க இருக்காங்க. சிலருக்கு வேற காரணம் கிடைக்கும். சிலருக்கு ஏன்னு எங்களுக்கே தெரியறதில்ல. அதுக்காகத் தேடாம விடக் கூடாது." எங்களுக்கே தெரிவதில்லை என்று ஒரு டாக்டர் வாயால் நான் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்கு என்னவோ தொண்டை அடைத்துக்கொண்டது, அது சுரப்பி வீக்கமா என்று தடவிக்கூடப் பார்த்தார், இல்லை. மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்களேன் என்று கேட்டேன். "சரியா இருக்கிறதைக் கூட்டினா நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும். வண்டி போகலன்னா ஆக்ஸிலரேட்டரை மிதிச்சுக்கிட்டே இருப்பீங்களா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கான்னு பாப்பீங்களா?" என்று என் தொழிலை வைத்தே என் வாயை அடைத்தார். இரும்புச் சத்து, வைட்டமின் எல்லாம் பார்க்க எழுதிக் கொடுத்தார். உடம்பெல்லாம் வயர் மாட்டித் தூங்க வைத்துப் பார்க்கிற ஒரு சோதனைக்கும் எழுதினார். அதுவரைக்கும் வண்டிப் பக்கம் போகக் கூடாது என்றார். பிறகு பேனாவை மூடிவிட்டு, சும்மா கேட்கிற மாதிரி, "ஒரு நாள்ல யார்கிட்டல்லாம் பேசுவீங்க?" என்றார்.

"நாள் பூரா பேசிக்கிட்டேதான் இருப்பேன் டாக்டர். கிளட்ச்சை விடுங்க, கியரை மாத்துங்க, கண்ணாடியைப் பாருங்க…"

"அதைக் கேக்கல. வீட்டுல."

"வீட்டுக்காரி பேத்தியைப் பாத்துக்கப் போயிருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

"நான் நார்மல் இல்லன்னா வருவாங்க."

டாக்டரம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அசதியில் உடம்பால் வருவது எவ்வளவு, தனிமையால் வருவது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த மெஷினும் இல்லை, வீட்டில் பேசுங்கள் என்றார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நானும் வீட்டில் பேசத்தான் போனேன் மாப்பிள்ளை. வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். போனை எடுத்ததும் உங்கள் அத்தையே முந்திக்கொண்டாள். "குரலே சரியில்லையே, நான் வேணா கிளம்பி வந்துடட்டுமா?" என்றாள். இதைவிட நல்ல ரோடு ஒரு மனுஷனுக்குப் போட்டுக் கொடுக்க முடியுமா? காலியான ரோடு, பச்சை சிக்னல். அந்த நேரம் பார்த்துத் திரையில் பின்னால் உங்கள் மனைவி தெரிந்தாள். தலைகூட வாராமல், பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டு, கழுவுகிற கை பாட்டுக்குக் கழுவ முகம் எங்கேயோ இருந்தது. என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "நீ இங்க வந்து என்ன பண்ணப் போற? ரிப்போர்ட்தான் நார்மல்னு வந்துடுச்சே" என்றது. உங்கள் அத்தை, "ஆமா. எனக்கு அங்க என்ன வேலை" என்றாள். அதற்குப் பிறகு இரண்டே கேள்விதான், சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. உடனே போன் பேத்தி கைக்குப் போய்விடுகிறது. அவளுடைய உள்ளங்காலைத்தான் நான் அதிகமாகப் பார்க்கிறேன். அழகான கால், குறை சொல்லவில்லை.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். நீங்கள் பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம், உங்களால் ஆகாததை நான் கேட்க மாட்டேன். ஒரு நாள் சாப்பிடும்போது, உங்களுக்கே தோன்றிய மாதிரி, "மாமாவைப் பாத்தா ஒரு மாதிரி இருக்கு" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதற்கும் முறை இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். எடுத்த எடுப்பில் திருப்பக் கூடாது. முதலில் கண்ணாடியைப் பாருங்கள், அதாவது பெண்கள் இருவரும் என்ன மனநிலையில் இருக்கிறார்கள் என்று. பிறகு இண்டிகேட்டர், ஒரு இருமலோ பெருமூச்சோ போதும். பிறகு வேகத்தைக் குறைத்து மெல்லத் திருப்பவும். எதிரில் உங்கள் மனைவி வேகமாக வந்தால் நிறுத்தி வழிவிட்டுவிடவும், அவளோடு மோதி ஜெயித்தவர் நம் குடும்பத்தில் யாரும் இல்லை. உங்கள் அத்தை "என்ன மாதிரி இருக்காரு?" என்று கேட்டால் ஸ்வெட்டரைச் சொல்ல வேண்டாம். மற்றது எதையும் சொல்லலாம். நீங்களும் இத்தனை நாளாக ஹாலில் சோபாவில்தான் படுக்கிறீர்கள் என்று கேள்வி. ஆகவே இதில் உங்களுக்கும் ஒரு பலன் உண்டு என்பதைக் கூச்சத்தோடு ஞாபகப்படுத்துகிறேன்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. டீச்சர் லைசென்ஸ் வாங்கிவிட்டார், என் புண்ணியத்தில் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாராம், விவரம் கேட்காமல் இருந்தால் சரி. என் மகளுக்கு என் ஆசி. பேத்தியின் இரண்டு பாதங்களுக்கும் தனித்தனியாக முத்தம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம். உங்கள் அத்தைக்கு நான் விசாரித்ததாகச் சொல்ல முடியாது, கடிதமே தெரியக் கூடாது என்பதால் அவரவர் மனதுக்குள் விசாரித்துக்கொள்ளவும். தாங்கள் நீண்ட ஆயுளும் நல்ல தூக்கமும் பெற்று வாழ வேண்டும்.

இப்படிக்கு,
ரிப்போர்ட்டின்படி நலமாயிருக்கும்
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு எச்சில் தொட்ட நேரத்தில் உங்கள் அத்தையே கூப்பிட்டாள். வீடியோ இல்லாமல், வெறும் குரல். பால்கனியில் வந்து நின்று மெல்லப் பேசினாள். உங்கள் மனைவி பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறாளாம். கேட்டால் ஒன்றும் இல்லை, பிள்ளை பெற்ற எல்லாருக்கும் இப்படித்தான் என்கிறாளாம். "நான் பக்கத்துல இருந்தா கொஞ்சம் சாப்பிடறா. நான் இல்லன்னா உடைஞ்சு போயிடுவா இவ" என்றாள். ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதியது அத்தனையும் ரத்து. கிழித்துப் போடத்தான் எடுத்தேன், ஆனால் இவ்வளவு எழுதியதற்கே கை மரத்துவிட்டது, நீங்களே கிழித்துக்கொள்ளவும். உங்கள் அத்தை அங்கேயே இருக்கட்டும், பேத்தி பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் இருந்தாலும் சரி. எனக்கு ஒரு குறையும் இல்லை, சோதனை நடக்கிற இடத்தில் தூங்குகிறவனைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸையே போடுகிறார்களாம். நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் இருமவோ பெருமூச்சு விடவோ வேண்டாம். அதற்குப் பதிலாக என் மகளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். போய், நார்மல் என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். உங்கள் மிச்ச வார்த்தைகள் எல்லாவற்றையும் அங்கே செலவழியுங்கள்.

பேசி முடித்ததும் உங்கள் அத்தை, "சரி, வெச்சிடவா?" என்றாள். அப்படிக் கேட்ட பிறகும் போனை வைக்கவில்லை, அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது. நான் "வெச்சிடு, வெச்சிடு, எனக்கு வேலை கிடக்கு" என்றேன். வெக்காத, பேசக்கூட வேணாம், கொஞ்ச நேரம் அப்படியே இரு என்பதை மட்டும் சொல்லவில்லை.